சாமித் தோலில் வடித்த டீசல்

போன ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் பங்க்கில் எனக்கும் டீசல் போடும் பெண்ணுக்கும் சின்னதாய் ஒரு வாக்குவாதம். நான் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு நின்றேன். கேனில் ஊற்ற மாட்டோம், வண்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றாள். டீசல் இருந்தால்தானே அம்மா வண்டி வரும் என்றேன். என்ன வண்டி என்று கேட்டாள். டிராக்டர் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தாள். மூக்குக்கண்ணாடி, தோள்பை, கஞ்சி போட்ட காட்டன் புடவை, கையில் இரும்புக் கேன். அவள் பார்த்ததில் தப்பே இல்லை. என்னை நானே வழியில் பார்த்திருந்தால் எனக்கும் சந்தேகம்தான் வந்திருக்கும்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஒரு பெரியவர் வந்தார். பிளாஸ்டிக் கேன் இல்லை, இரும்புதான் என்று தட்டிப் பார்த்துவிட்டு, போனால் போகிறது, ஊற்று என்று சொன்னார். கூடவே எனக்கு இலவசமாக ஒரு புத்திமதியும் கிடைத்தது.

"ரொம்ப நாள் வச்சிக்காதீங்கம்மா. முன்ன மாதிரி டீசல் இல்ல இது. இன்னான்னாவோ கலக்குறாங்க, சீக்கிரம் தண்ணி இழுத்துக்கும். வண்டிய அடிக்கடி எடுத்தீங்கன்னா ஒரு பேஜாரும் இல்ல."

அடிக்கடி எடுக்கவே கூடாது என்பதுதான் எங்கள் வேண்டுதல் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் விளக்க வேண்டும். பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. உங்களுக்கு அந்த அவசரம் இல்லாததால் உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் டிராக்டர் ஒரு சாவு வண்டி. பயந்துவிடாதீர்கள், அது பிறக்கும்போதே அப்படிப் பிறக்கவில்லை. நெமிலிப் பக்கம் ஒருவரிடம் சேற்றில் இறங்கி மரியாதையாக உழுதுகொண்டிருந்த வண்டிதான். சிவப்பு நிறம் என்று சொல்லி அப்பாவிடம் விற்றார்கள். அப்போதே அது சிவப்பா, துருவா என்று அம்மா கேட்டிருக்கிறாள். அப்பா தோல் பதனிடும் டேனரியில் டிரம் ஓட்டுகிறவர். ஷிப்ட் முடிந்த நேரத்தில் எங்களுக்கிருந்த துண்டு நிலத்தில் வேர்க்கடலை போடலாம், மீதி நாளில் வாடகைக்கு உழலாம் என்று கணக்குப் போட்டுத்தான் வாங்கினார். கொஞ்ச காலம் அப்படி நடக்கவும் நடந்தது. அப்புறம் கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது. ஏன் உப்பானது என்று எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். எங்களுக்குச் சோறு போட்டதும் அதே தோல்தான் என்பதால் யாரும் அதை உரக்கப் பேசவில்லை. வேர்க்கடலைச் செடி மஞ்சளாகி, பிறகு முளைக்காமலே போனது. டிராக்டர் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டது.

அது சாவு வண்டியானது ஒரு மழை நாளில். எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி இருந்த பொன்னி அத்தையின் மாமியார் இறந்துபோனார். அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை. அவர்கள் வீட்டில் விபூதி, எங்கள் வீட்டில் சிலுவை. ஆனால் தெருவில் எல்லோரும் எல்லோருக்கும் அத்தை மாமாதான். சுடுகாட்டுப் பாதையில் முழங்கால் அளவு சேறு. தூக்குகிறவர்கள் இரண்டு முறை வழுக்கிவிட்டார்கள். அப்பா யாரிடமும் கேட்காமல் டிரெய்லரை மாட்டி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அன்றைக்கு அந்தக் கிழவி, உயிரோடு இருந்தபோது ஏறவே மாட்டேன் என்று அடம்பிடித்த வண்டியில், பூவெல்லாம் வைத்து ஜம்மென்று போனாள்.

அதற்குப் பிறகு தெருவில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், இந்து வீடாக இருந்தாலும் கிறிஸ்தவ வீடாக இருந்தாலும், அப்பாவைத்தான் கூப்பிட்டார்கள். ஒருமுறை பிணம் ஏற்றிய வண்டியை நிலத்தில் இறக்க யாருக்கும் மனசு வராது. வாடகை உழவு அடியோடு நின்றுபோனது. அம்மாவுக்கு அதில் வருத்தம் இருந்தது. அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு ஒரே ஒரு கவலைதான்.

"எடுக்கவே வேணாம். ஆனா எடுக்கிற அன்னிக்கு நிக்கக் கூடாது," என்பார்.

யோசித்துப் பாருங்கள், எவ்வளவு சங்கடமான நிலைமை இது. ஓட வேண்டாம் என்று ஜெபம் செய்கிற வண்டியை, கூப்பிட்டவுடன் ஓடுகிற மாதிரி வைத்திருக்க வேண்டும். இரும்பு பரவாயில்லை, அது காத்திருக்கும். டீசலுக்கு அந்தப் பொறுமை கிடையாது. மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தால் அது கறுத்துப் போகும், அடியில் தண்ணீர் சேரும், தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவில் பாசி மாதிரி ஒன்று படியும். அதன் வாசனையும் மாறிவிடும். புது டீசலின் வாசனையில் ஒரு மினுமினுப்பு இருக்கும். பழசு, ரொம்ப நாள் மூடி வைத்த பெயின்ட் டப்பாவைத் திறந்தால் வருமே, அப்படிப் புளித்து அடிக்கும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் விரலை விட்டுப் போகாமல் இருப்பது புதுசு. இதைப் பிரித்துச் சொல்ல எனக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டால், யாரும் இல்லை, சண்டைதான். எங்கள் வீட்டில் டீசலைப் பற்றி நடந்த சண்டை அவ்வளவு.

அப்பாவின் கட்சி, டேங்க்கைக் காலியாக வைக்க வேண்டும், இல்லாத பொருள் கெடாது என்பது. அம்மாவின் கட்சி, டேங்க் கழுத்துவரைக்கும் இருக்க வேண்டும் என்பது. காலி இடம் விட்டால் டேங்க் உள்ளுக்குள்ளே வேர்க்குமாம். பகலில் சூடு, விடியலில் குளிர், அந்த வேர்வைதான் தண்ணீராக இறங்கி அடியில் நிற்கிறது என்பாள். சரி, காலியாக வைத்தால் சாவு விழுந்த நேரத்தில் பங்க்குக்கு யார் ஓடுவது என்று அவள் கேட்டதும் அப்பாவின் கட்சி டெபாசிட் இழந்தது. அவர் உடனே கெரசினுக்கு மாறினார். ஒரு டம்ளர் கெரசின் கலந்தால் அழுக்குச் சேராது என்று எவனோ சொல்லியிருக்கிறான். ரேஷன் கெரசின் அப்போது நீலமாக இருக்கும். அம்மா அதைக் கிட்டவே சேர்க்க மாட்டாள். டீசலுக்கு ஒரு எண்ணெய்ப்பசை உண்டு, கெரசின் வறண்ட சரக்கு, பம்ப்பைத் தேய்த்துவிடும் என்பாள். நானும் சும்மா இருந்திருக்கலாம். ஷூ கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்த புதுசு, பீஸ் பீஸாகக் குற்றம் கண்டுபிடித்துப் பழகிய திமிர். டேங்க்கை மூடி திறந்து வெயிலில் காயவைத்தால் தண்ணீர் ஆவியாகிவிடுமே என்று ஒரு யோசனை சொன்னேன். அன்றைக்குத்தான் அப்பாவும் அம்மாவும் ஒன்று சேர்ந்து திட்டி நான் முதல்முறையாகப் பார்த்தேன்.

கழுத்துவரை டேங்க்கை நிரப்புவது எப்படி? அதற்கு வழி செய்தது பொன்னி அத்தை. அப்பா சாவு வண்டிக்குக் கூலி வாங்க மாட்டார். மாமியாரை எடுத்த மூன்றாம் நாள் காலையில் எங்கள் வாசற்படியில் ஒரு பாட்டில் டீசல் இருந்தது. பொன்னி அத்தை கொண்டுவந்து வைத்துவிட்டு, கூப்பிடாமல், சொல்லிக்கொள்ளாமல் போயிருந்தாள். சாவு வீட்டுக்குப் போனால் போய்வருகிறேன் என்று சொல்ல மாட்டோம் இல்லையா, அதே கணக்கு. அடுத்த சாவுக்கு இரண்டு மூன்று வீடுகள் அப்படிச் செய்தன. அப்புறம் அதுவே தெருவின் வழக்கமாகிவிட்டது. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், மூன்றாம் நாள் விடிந்து எங்கள் கதவைத் திறந்தால் படி முழுக்கப் பாட்டில்கள் நிற்கும். சர்பத் பாட்டில், டானிக் பாட்டில், கழுத்தில் துணி அடைத்த குவார்ட்டர் பாட்டில், மூலைவீட்டுப் பாட்டியின் விளக்கெண்ணெய் பாட்டில். யார் எதை வைத்தார்கள் என்று பேசக் கூடாது. நீலமாக ஒன்று இருந்தால் மட்டும் அம்மா தனியாக எடுத்து அடுப்புக்கு வைத்துக்கொண்டு, ஏழை வீடு, அவங்களுக்கு இதுதான் முடிஞ்சிருக்கு என்பாள்.

அத்தனை வீட்டு டீசலும் ஒரே டேங்க்கில் போய்ச் சேர்வதைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். கோயிலில்கூட நாங்கள் அப்படி ஒன்றாய்ச் சேர்ந்ததில்லை.

ஆனால் அத்தனை பாட்டிலிலும் தண்ணீர் இல்லாமல் இருக்குமா? கழுவிவிட்டு ஈரத்தோடு ஊற்றியது, கூரை ஒழுகின இடத்தில் வைத்திருந்தது என்று எல்லாம் வரும். அங்கேதான் சாமித் தோல் வருகிறது. அப்பாவுக்கு ஒரு தோஸ்த் உண்டு, கரீம் பாய். ஆம்பூரில் கம்பெனி வேன்களுக்கு மெக்கானிக். அவர்தான் எங்கிருந்தோ ஒரு தோல் கொண்டுவந்து தந்தார். வெளிர் மஞ்சள், குழந்தையின் கன்னம் மாதிரி மெத்து, மீன் எண்ணெய் வாசனை. ஷாமி என்பதுதான் அதன் பெயர். எங்கள் வாயில் அது சாமியாகிவிட்டது. எந்தச் சாமி பாய், உங்களுதா எங்களுதா என்று அம்மா கேட்டாள். டீசல் சாமி அக்கா, எல்லாருக்கும் பொது என்றார் அவர். அந்தத் தோலை முதலில் டீசலில் நனைத்து, புனல்மேல் விரித்து, அதன்மேல் பாட்டிலைக் கவிழ்க்க வேண்டும். டீசல் மெதுவாக இறங்கும். தண்ணீர் இறங்காது. முத்து முத்தாகத் தோலின் மேலேயே உருண்டுகொண்டு நிற்கும். முதன்முறை அதைப் பார்த்தபோது அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

இப்போது பொன்னி அத்தையைப் பற்றி நன்றாகச் சொல்லியாக வேண்டும். அவளும் அம்மாவும் ஒரே கம்பெனி, ஒரே செக்‌ஷன். தோலுக்குக் கடைசிப் பதம் பார்க்கும் இடம். பக்கத்துப் பக்கத்து மேஜை. தெருமுனையில், ஏரிக்கரைப் பாதை பிரியும் இடத்தில் கம்பெனி வேன் வந்து நிற்கும். அம்மா நேரத்துக்கு முன்னாலேயே போய்விடுகிற ஆள். பொன்னி அத்தை ஒருநாளும் நேரத்துக்கு வந்தது கிடையாது. ஈரத்தலையும், ஒரு கையில் டிபன் பாக்ஸும், இன்னொரு கையில் இன்னும் சொருகாத முந்தானையுமாக ஓடிவருவாள். அதுவரைக்கும் அம்மா ஒரு காலை வேன் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்துக்கொண்டு டிரைவரைப் போகவிடாமல் நிறுத்துவாள்.

"ஒரு நிமிஷம் நிறுத்துப்பா. பொன்னி ஏறணும்."

தினமும் இதுதான். டிரைவர் தினமும் திட்டுவார். நானும் பிறகு அதே வேனில் போனேன், வேறு செக்‌ஷனுக்கு. வெட்கமாக இருக்கும், இந்த அம்மா ஏன் இப்படி மானத்தை வாங்குகிறாள் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். பொன்னி அத்தை ஏறியதும், ரோசி, நீ இல்லன்னா நான் நடந்தேதான் போவணும் என்று மூச்சு வாங்கிக்கொண்டே அம்மா பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்காருவாள். வேன் முழுக்க அவள் தலையின் சீயக்காய் வாசனை.

ஒரு மழைக்காலத்தில் மூலைவீட்டுப் பாட்டி இறந்துபோனாள். விளக்கெண்ணெய் பாட்டில் வைப்பாளே, அவள்தான். மூன்றாம் நாள் படியில் பாட்டில்கள் வந்து நின்றன. சாமித் தோலை எடுக்கப் போனால் அதை எலி கடித்துக் குதறி வைத்திருக்கிறது. மீன் எண்ணெய் வாசனைக்கு எலி விடுமா? கரீம் பாய் மகள் கல்யாணத்துக்காக வாணியம்பாடி போயிருந்தார். மறுநாள் அம்மா கம்பெனியிலிருந்து ஒரு துண்டுத் தோல் கேட்டு வாங்கி வந்தாள். கிளவுஸ் தைக்கிற தோலில் மிச்சம் விழுந்தது. அதே வெளிர் மஞ்சள், அதே மெத்து. விரலால் தடவி, மடித்து, கன்னத்தில் வைத்துப் பார்த்து, இதேதான் என்றாள். அப்பாவும் தடவிப் பார்த்து, இதேதான் என்றார். என்னிடமும் நீட்டினாள், நானும் ஒரு சூப்பர்வைசர் மாதிரி தலையை ஆட்டினேன். மூன்று பேருமே தோலைத் தொட்டுத் தொட்டுச் சம்பளம் வாங்குகிறவர்கள். வேறு ஊர்க்காரர்களாக இருந்திருந்தால் விரலை நம்பாமல் பாய் வரட்டும் என்று காத்திருப்பார்கள். நாங்கள் அதில் வடித்து டேங்க்கை நிரப்பிவிட்டோம்.

அதன்பின் ரொம்ப காலம் தெருவில் சாவே விழவில்லை. நல்ல காலம் என்று எல்லோரும் சொன்னார்கள். வண்டி வேப்பமரத்தடியில் நின்றபடியே நின்றது.

பொன்னி அத்தை போனது ஒரு திங்கட்கிழமை காலையில். வேனுக்குக் கிளம்ப முந்தானையைச் சொருகிக்கொண்டிருந்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அம்மா வழக்கம்போல வேன் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, இன்னாடி இவ இன்னும் காணோம் என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். வேனை நிறுத்தி வைத்திருந்தாள். அவள் நிறுத்தி வைத்த வேன் அன்றைக்குப் பொன்னி அத்தை இல்லாமலே போயிற்று.

மறுநாள் மத்தியானம் எடுத்தார்கள். அப்பா ஸ்டார்ட் செய்ததும் வண்டி ஒரே அடியில் எழுந்தது. டிரெய்லர் முழுக்கச் செவ்வந்தி. அத்தையை நன்றாக உட்கார்த்தி வைத்திருந்தார்கள், அவர்கள் வழக்கம் அது. தெருவைத் தாண்டி, ஏரிக்கரைப் பாதை பிரிகிற இடத்துக்கு வந்ததும் எஞ்சின் இருமியது. இன்னொரு முறை இருமிவிட்டு நின்றது. தினமும் வேன் வந்து நிற்குமே, சரியாக அந்த இடம்.

அப்பா இறங்கி, கைப்பம்ப்பை அடித்தார், காற்றை எடுத்தார், மறுபடி செல்ஃப் அடித்தார். கரீம் பாயும் கூட்டத்தில் இருந்தார். ஓடிவந்து ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றினார். உள்ளே டீசல் இல்லை. பழுப்பாகத் தண்ணீரும், மூக்குச்சளி மாதிரி ஒரு கொழகொழப்பும். அவர் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார். மேளம் தானாக நின்றுவிட்டது. அந்த அமைதியில் கம்பெனிப் பெண் ஒருத்தி அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள்:

"பொன்னி என்னிக்கு நேரத்துக்கு வண்டி ஏறினா? போவ மனசில்ல அவளுக்கு."

அது பரவிவிட்டது. பொன்னிக்குப் போக மனசில்லை, பொன்னிக்குப் போக மனசில்லை என்று ஆளாளுக்குச் சொல்லி அழுதார்கள். ஆண்கள் தோள்கொடுத்துத் தூக்கினார்கள். முறை வைத்து மாற்றி மாற்றி, தெருவே தூக்கியது. பிற்பாடு எங்கள் தெருவில் பொன்னியைத் தோளில் கொண்டுபோன கதையைப் பெருமையாகத்தான் சொல்வார்கள். டிராக்டரை ஒருவரும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அப்பா மட்டும் போகாமல் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். எங்கள் அப்பா அழுது நான் அதற்கு முன் பார்த்தது கிடையாது.

சாயங்காலம் கரீம் பாய் வீட்டுக்கு வந்தார். வடித்த தோலைக் காட்டுங்கள் என்றார். அம்மா எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை டீசலில் நனைத்து, புனலில் விரித்து, ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் நிற்கவே இல்லை, சொளசொளவென்று இறங்கியது. அவர் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"இது குரோம்ல பதம் பண்ண தோலு அக்கா. எண்ணெய்ல பதம் பண்ணாத்தான் தண்ணிய நிறுத்தும். கைக்கு ரெண்டும் ஒண்ணுதான், யாரா இருந்தாலும் ஏமாந்துடுவாங்க."

"நான் யாரோவா பாய்?" என்றாள் அம்மா. "தோல்ல கை வச்சே பொழைக்கிறவ. என் பொன்னிய நடுரோட்டுல நிறுத்திட்டேனே."

அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. இரண்டு நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்த்து வந்தது. மூன்றாம் நாள் படியில் பாட்டில்கள் வந்து நின்றன. முதல் பாட்டில் வைத்தவளுக்காகத் தெரு முழுக்க வைத்திருந்தது. ஒரு வீடு பாக்கியில்லை. கரீம் பாய் புதுச் சாமித் தோல் கொண்டுவந்திருந்தார். அம்மா ஒவ்வொரு பாட்டிலாக வடித்தாள். ஒவ்வொன்றையும் மோந்து பார்த்தாள். அன்றையிலிருந்து அவள் மூக்கு அந்த டேங்க்கின் காவல்காரன் ஆகிவிட்டது. வருஷத்துக்கு ஒருமுறை, எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், பழசை வடித்துவிட்டுப் புதுசு நிரப்புவாள். மழைக்கு முன்னால் கழுத்துவரை, கிண்ணத்தைத் திறந்து அடித்தண்ணீரை விடுவது, எல்லாம் ஒழுங்காக நடந்தது. வேனை மட்டும் அவள் அப்புறம் ஒருநாளும் நிறுத்தியதில்லை. வந்தவுடன் ஏறிவிடுவாள். எனக்கு இனி வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த வெட்கம் திரும்பி வராதா என்று இருந்தது.

அப்பா போனபோது நடந்ததை எங்கள் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி வாயில் கைவைப்பார்கள். உள்ளே அப்பா பெட்டியில் படுத்திருக்கிறார். அம்மாவைக் காணோம். தேடினால் வேப்பமரத்தடியில் டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். புருஷன் செத்துக் கிடக்கிறான், இவள் டேங்க்கை மோந்து பார்க்கிறாளே என்று ஆலங்காயத்துப் பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அம்மா மூடியைத் திருகிவிட்டு வந்து, நல்லாத்தான் இருக்குது, எடுக்கலாம் என்றாள். அப்புறம்தான் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். கரீம் பாய் ஓட்டினார். வண்டி எங்கும் நிற்கவில்லை. அப்பா கவலைப்பட்டதெல்லாம் அது ஒன்றுக்குத்தானே. நான் டிரெய்லரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நடந்தபடி, ஓடுகிற எஞ்சினை ஒவ்வொரு அடியிலும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே போனேன். அந்தச் சத்தம் இருக்கும்வரை அப்பா இருக்கிற மாதிரியே இருந்தது.

இப்போது அந்தத் தெருவில் சாவு விழுந்தால் கண்ணாடி போட்ட அமரர் ஊர்தி வருகிறது. ஏசி உண்டு, பாட்டு உண்டு. போன் செய்தால் வாசலில் நிற்கிறது, நல்ல வசதிதான், குறை சொல்ல எனக்கு வாயில்லை. பாதையும் சிமெண்ட் ரோடாகிவிட்டது. கரீம் பாய் இல்லை. பொன்னி அத்தை வீட்டில் யாரோ வாடகைக்கு இருக்கிறார்கள், யாரென்று அம்மாவுக்கே சரியாகத் தெரியவில்லை. கம்பெனி பஸ் இப்போது மெயின் ரோட்டோடு போய்விடுகிறது. மூன்றாம் நாள் விடியலில் கதவைத் திறந்தால் படி வெறும் படியாகத்தான் இருக்கிறது. பாட்டிலில் டீசல் கேட்டால் பங்க்கில் தரவும் மாட்டார்கள். ஒரு தெருவே சொல்லிக்கொள்ளாமல் வந்து வைத்துவிட்டுப் போகுமே, அந்தப் பாட்டில்களை இனி எங்கே பார்ப்பது?

அம்மா மட்டும் அங்கேதான் இருக்கிறாள். காட்பாடிக்கு என் வீட்டுக்கு வந்துவிடு என்றால், வண்டிய யார் பாத்துப்பாங்க என்கிறாள். போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்து போனதில் அவள் மூக்கு போய்விட்டது. கருவாடு வறுத்தாலும் தெரியவில்லை, மல்லிகைப்பூவும் தெரியவில்லை. அதற்கெல்லாம் அவள் வருத்தப்படவில்லை. டேங்க்கைத் திறந்து மோந்து பார்த்து ஒன்றும் தெரியாமல் நின்றாளே, அன்றைக்குத்தான் முகம் விழுந்துவிட்டது. அதிலிருந்து நான் மோந்து சொல்ல வேண்டும். அவளுக்கு ஒரே ஒரு பயம்தான் இருக்கிறது, அதை என்னிடம் சொல்லியும் விட்டாள். அந்தக் கண்ணாடி வண்டியில் தன்னை ஏற்றக் கூடாது. நம்ம வண்டியில்தான் போக வேண்டும். அன்றைக்கு அது கிளம்ப வேண்டும்.

அதற்காகத்தான் போன ஞாயிற்றுக்கிழமை கேனும் கையுமாக நின்றேன். வீட்டுக்குப் போனதும் அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, டேங்க்கின் அடித்திருகைக் கழற்றி பழைய டீசலை வாளியில் வடித்தேன். கறுத்துப் போயிருந்தது. எப்படி இருக்குது என்று கேட்டாள். புளிச்ச வாடைம்மா, பழசாயிடுச்சு என்றேன். சாமித் தோலை நனைத்து, புனலில் விரித்து, புது டீசலைக் கழுத்துவரை ஊற்றினேன். இது எப்படி என்றாள். மினுமினுன்னு இருக்குதும்மா என்றேன். பங்க்கில் பெரியவர் சொன்னதை, இந்த டீசல் சீக்கிரம் தண்ணீர் இழுக்கும் என்பதை, மறைக்காமல் சொன்னேன். அப்போ வருஷத்துக்கு ஒருக்கா போதாது, ரெண்டு தபா மாத்து என்றாள். கணக்கு அவளுக்குச் சட்டென்று வந்துவிடும்.

கைப்பம்ப்பை அடித்துக் காற்றை எடுத்துவிட்டு சீட்டில் ஏறினேன். காட்டன் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு நான் டிராக்டர் ஏறும் அழகை நீங்கள் பார்க்காமல் இருப்பதே நல்லது. இரண்டு முறை உறுமிவிட்டு, மூன்றாவது முறை எஞ்சின் பிடித்துக்கொண்டது. வேப்பங்காய்கள் பானட்மேல் உதிர்ந்தன. அம்மா நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து மட்கார்டின்மேல் உள்ளங்கையை வைத்து, அது அதிர்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னைக் குனியச் சொன்னாள். எஞ்சின் சத்தத்தில் அவள் குரல் கேட்காது என்பதால் காதுக்குக் கிட்டே வந்து சொன்னாள்.

"எங்கயும் நிக்காது, எனக்குத் தெரியும். ஆனா வேன் ஸ்டாப்ல மட்டும் நீயே ஒரு நிமிஷம் நிறுத்து. பொன்னி ஏறணும்."

சரிம்மா என்றேன். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிவந்து, வாளியிலிருந்த பழைய டீசலைக் கரையான் அரிக்கிற கொல்லைக்கதவுக்கு ஊற்றினேன். ஒரு வருஷம் முழுக்கத் தேவைப்படாமலே கெட்டுப்போன டீசல். அந்தப் புளித்த வாடையை நான் அவ்வளவு ஆசையாக மோந்து பார்த்தேன். இப்போது ஊற்றியிருப்பதும் இப்படியே கெட்டுப்போக வேண்டும், இதையும் நான்தான் வடித்துக் கொட்ட வேண்டும், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவள் எப்படி இருக்குது என்று கேட்க வேண்டும்.